சினிமாக் கல்லூரியும் ஜன்னல் சீட்டும்

தமிழ் சினிமாவில் கல்லூரிக்குப் போகிறவர்கள் டிபன் பாக்ஸ் எடுத்துப் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? அநேகமாக இருக்காது. கையில் ஒரே ஒரு நோட்டு, அதுவும் விரல் நுனியில் சுற்றுவதற்கு. மோட்டார் சைக்கிள் வகுப்பறை வாசல் வரை வரும். ஹீரோவுக்கு முப்பத்தைந்து வயசு. படிப்பது இரண்டாம் வருஷம். என்ன படிக்கிறார் என்று கேட்கக் கூடாது. லெக்சரர் வேஷத்தில் ஒரு காமெடி நடிகர் வந்து அடி வாங்கிவிட்டுப் போவார். வருஷம் பூரா காதல், ஒரு நாள் கல்ச்சுரல்ஸ். பரீட்சை ஒரு பாட்டின் சரணத்துக்குள் முடிந்துவிடும். 2025-ல் வந்த 'டிராகன்' படத்து நாயகனுக்கு 48 அரியர். தியேட்டரில் அந்த எண்ணைக் கேட்டதும் விசில் பறந்தது.

உண்மையில் இப்படி இல்லையே என்று புகார் சொல்ல வரவில்லை. சினிமா என்ன, கல்லூரியின் ப்ராஸ்பெக்டஸா? என் குறை வேறு. மாணவ வாழ்க்கையில் என்னென்ன சுகங்கள் இருக்கின்றன என்பது இந்தப் படங்களை எடுக்கிறவர்களுக்கே மறந்துவிட்டது. காதல் என்ற ஒரே ஒரு சுகத்தைப் பிடித்துக்கொண்டு நூறு சின்ன சுகங்களைக் கோட்டை விட்டுவிட்டார்கள். அதன் விளைவு தியேட்டரோடு நிற்கவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் ஒரு ஊருக்குப் போவோம்.

சேலத்திலிருந்து சிவதாபுரம், சித்தர்கோவில் வழியாகப் போனால் கஞ்சமலைப் பக்கத்தில் இளம்பிள்ளை. பெயரே மாணவனுக்கு வைத்த மாதிரி இருக்கிறது. ஆனால் ஊர் பிழைப்பது சேலையில். கடைத் தெருவில் திரும்பின பக்கமெல்லாம் மொத்த வியாபாரம். யூட்யூபில் 'இளம்பிள்ளை' என்று தட்டினால் சேலையை விரித்து விரித்துக் காட்டும் வீடியோக்கள் வரிசையாக வந்து விழும். சுற்றியுள்ள கிராமங்களில் வீட்டுக்குள்ளேயே தறி. காலையில் அலாரம் தேவையில்லை. பக்கத்து வீட்டுத் தறியே எழுப்பிவிடும்.

இந்த மாதிரி வீட்டில் ஒரு பையனோ பெண்ணோ கல்லூரிக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் முதல் சலுகை என்ன தெரியுமா? வேலையிலிருந்து விடுதலை. தறி வீட்டில் சும்மா இருக்கிற கை என்று எதுவும் கிடையாது. பாட்டி தார் சுற்றுவார், அம்மா இழை பார்ப்பார், லீவு நாளில் பிள்ளைகளும் உட்கார வேண்டும். "ஏங்கண்ணு, இந்த நாலு தாரை மட்டும் சுத்திக் குடுத்துட்டுப் போயேன்." "பஸ்ஸுக்கு நேரமாச்சும்மா!" இந்த பதிலுக்கு எதிர்ப்பேச்சு இல்லை. மில்லுக்கோ கடைக்கோ வேலைக்குப் போகிறவன்கூட வீட்டுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். காலேஜ் போகிறவனுக்குக் கணக்கு கிடையாது. அவன் நேரம் அவனுடையது. வாழ்க்கையில் முதல் தடவையாக. பல பேருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, அதுவே கடைசித் தடவையாகவும் அமைந்துவிடுகிறது.

இரண்டாவது சுகம், ஜன்னல் சீட்டு. இளம்பிள்ளை டவுன் பஸ்ஸில் காலை நேரத்தில் அது கிடைப்பது கஷ்டம். கிடைத்தவர்கள் மற்றவர்களின் பைகளை மடியில் வாங்கி அடுக்கிக்கொள்ள வேண்டும் என்பது எழுதாத சட்டம். அரை மணியோ முக்கால் மணியோ, வீடும் இல்லாத கல்லூரியும் இல்லாத ஒரு நேரம். அன்றைக்கு யார் எந்த ஸ்டாப்பில் ஏறவில்லை என்ற துப்பறிதல், முந்தின நாள் விட்ட சண்டையின் தொடர்ச்சி, அசைன்மென்டை முழங்காலில் வைத்துக் காப்பி அடித்தல் எல்லாம் இதற்குள் நடக்கும். பஸ் சேலத்துக்குள் நுழையும்போது கையெழுத்து மட்டும் கோணல்.

மூன்றாவது, வராத லெக்சரர். இதற்கு இணையான இன்பத்தை எந்தச் சம்பளக்காரனும் அனுபவிக்க முடியாது. ஆபீஸில் மேனேஜர் வராவிட்டால் அவருடைய வேலையும் நம் தலையில் விழும். கல்லூரியில் வாத்தியார் வராவிட்டால் ஒரு மணி நேரம் வானத்திலிருந்து விழும். அதை வைத்து என்ன செய்வது? ஒன்றுமே செய்யாமல் மரத்தடியில் உட்காரலாம். கையில் காசிருந்தால் வெளியே தட்டுவடை செட். தெரியாதவர்களுக்கு: இரண்டு தட்டைகளுக்கு நடுவே துருவின பீட்ரூட், கேரட், வெங்காயம், காரச் சட்னி வைத்து அமுக்கித் தருவார்கள், சேலத்துக்காரர்களுக்கு இது சிற்றுண்டி மட்டுமில்லை, மாநகரப் பெருமை. ஒரு தட்டு, நாலு பேர். கடைசி ஒன்று யாருக்கு என்பதில் மூன்று வருஷ நட்பு முறிந்து மறுநாள் கூடும்.

நான்காவதை எந்தப் படத்திலும் நான் பார்த்ததில்லை. கம்ப்யூட்டர் சயன்ஸ் வகுப்பில் பழைய வரலாறு நடத்துகிறார்கள். பிரான்சில் ஜக்கார்ட் என்பவர் 1804 வாக்கில் ஓட்டை போட்ட அட்டைகளை வைத்துத் தறியில் டிசைன் விழ வைத்தார். அந்த யோசனையை எடுத்துக்கொண்டுதான் இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கு இயந்திரத்துக்குக் கட்டளை கொடுக்கத் திட்டமிட்டார். இன்றைய கம்ப்யூட்டரின் மூதாதை அங்கே ஆரம்பிக்கிறது. கடைசி பெஞ்சில் ஒரு இளம்பிள்ளைப் பையன் நிமிர்ந்து உட்கார்கிறான். அந்த அட்டை அவன் வீட்டுத் தறிக்கு மேலே மாலை மாதிரி தொங்கிக்கொண்டிருக்கும் சமாசாரம். இப்போது பல இடங்களில் எலெக்ட்ரானிக் ஜக்கார்ட் வந்துவிட்டது. ஆனால் பெயர் அதே ஜக்கார்ட்தான். எதிலிருந்து தப்பிக்க பஸ் ஏறினானோ அதுவே பாடப் புத்தகத்தில் கௌரவமாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும் அந்த ஒரு நிமிஷத்துக்கு ஈடாக ஃபாரின் லொக்கேஷனில் எடுத்த எந்த டூயட்டையும் சொல்ல மாட்டேன்.

இதற்கு சேலத்திலேயே பெரிய முன்னுதாரணம் இருக்கிறது. மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர்.சுந்தரம். திருச்செங்கோட்டு நூல் வியாபாரக் குடும்பம். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்துக்கு ஜவுளிப் படிப்புக்காகப் போனவர். திரும்பி வந்து, 1930-களின் நடுவில் ஏற்காடு சாலையில் ஸ்டூடியோ கட்டி சினிமா எடுக்க ஆரம்பித்தார். 1956-ல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தைக் கலரில் கொடுத்தவர்கள் அவர்கள்தான். துணி படிக்கப் போனவருக்கு வேறு ஒன்று ஒட்டிக்கொண்டது. சிலபஸுக்கு வெளியே ஒட்டிக்கொள்வதுதான் மாணவ வாழ்க்கையின் பெரிய போனஸ். சினிமாக்காரர்கள் தங்கள் சொந்த வரலாற்றிலிருந்தே இதைத் தெரிந்துகொண்டிருக்கலாம்.

சரி, விளைவுக்கு வருகிறேன்.

சினிமாக் கல்லூரியை மாணவர்கள் நம்புவதில்லை. முதல் வாரத்திலேயே அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது, யாரும் பைக்கில் வகுப்புக்குள் வரப்போவதில்லை என்று. அதை நம்புகிறவர்கள் இரண்டே கட்சி. ஒன்று, அப்பாக்கள். இரண்டு, கல்லூரி நிர்வாகங்கள். கல்லூரி என்றால் காதல், காதல் என்றால் ஓடிப்போவது என்று ஐம்பது வருஷமாகத் திரையில் பார்த்துப் பார்த்து அவர்கள் ரத்தத்தில் ஏறிவிட்டது. எனவே, அந்தக் கதை நடக்காமல் தடுப்பதற்காகவே சில கல்லூரிகள் கட்டப்பட்டிருக்கின்றன. ஆண்களுக்கு ஒரு மாடிப்படி, பெண்களுக்கு ஒரு மாடிப்படி. பேசினால் ஃபைன். செல்போன் இருந்தால் பறிமுதல். வீட்டு வாசலில் ஏற்றி வகுப்பு வாசலில் இறக்கும் கல்லூரி பஸ். அதிலும் முன்பாதி பெண்கள், பின்பாதி பையன்கள், நடுவில் ஒரு காவலர். கேன்டீனில் பத்து நிமிஷம். நூலகத்துக்கு வாரம் ஒரு பீரியட், வரிசையில்.

இதனால் காதல் நின்றுவிட்டதா என்றால், அதெல்லாம் இல்லை. அது வாட்ஸப்பில் பத்திரமாக நடக்கிறது. நின்றுபோனது மற்ற நூறும்தான். ஜன்னல் சீட்டு, வராத லெக்சரரின் மணி நேரம், மரத்தடி, நாலு பேருக்கு ஒரு தட்டு எல்லாம் போச்சு.

சேலம், நாமக்கல் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது இரட்டை நஷ்டம். முட்டைக்கும் கோழிக்கும் பெயர் போன இந்த ஜில்லாவில், மதிப்பெண் உற்பத்தி செய்யும் விடுதிப் பள்ளிகளும் பெருகியபோது, ஜனங்களே அவற்றுக்கு 'பிராய்லர் பள்ளி' என்று பெயர் வைத்தார்கள். காலை ஐந்து மணிக்கு எழுப்பி, ராத்திரி பத்து மணி வரை படிக்க வைத்து, பதினொன்றாம் வகுப்பிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை நடத்தி... ஊரறிந்த கதை. அங்கே இரண்டு வருஷம் இருந்துவிட்டு வருகிற பிள்ளைக்குக் கல்லூரியிலாவது கொஞ்சம் மூச்சு வாங்க இடம் வேண்டாமா? அங்கேயும் ஒரு கூண்டைக் காட்டினால், இருபத்தொரு வயசில் டிகிரியோடு வெளியே வருகிற ஆளுக்கு ஒரு சாயங்காலத்தைத் தானே திட்டம் போட்டுச் செலவழித்த அனுபவம்கூட இருக்காது. பிறகு இன்டர்வியூவில் 'இனிஷியேட்டிவ் இல்லை' என்று நிராகரிப்பார்கள். எங்கிருந்து வரும்?

பெண்களுக்கு நஷ்டம் இன்னும் அதிகம். பையன் கெட்டுப்போவான் என்று பயந்தால் கண்காணிப்பார்கள். பெண் விஷயத்தில் பயந்தால் நிறுத்திவிடுவார்கள். அல்லது நல்ல கல்லூரியை விட்டுவிட்டுப் பக்கத்துக் கல்லூரியில் சேர்ப்பார்கள். விருப்பப்பட்ட பாடம் அங்கே இல்லாவிட்டால் என்ன, இருக்கிற பாடத்தைப் படிக்கட்டும். ஒரு டூயட் பாட்டுக்கு இத்தனை விலை.

நல்ல படங்களே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கின்றன. அவை ஜெயித்ததற்குக் காரணம், அந்தச் சின்ன விஷயங்களை மதித்ததுதான். 1980-ல் வந்த 'ஒரு தலை ராகம்' மாயவரத்துப் பக்கத்துக் கதை. அதில் என் மனசில் நின்றது காதலைவிட ரயில். கிராமத்துப் பிள்ளைகள் கூட்டமாக ஏறி, பாடி, கலாய்த்து, கல்லூரிக்குப் போகிற அந்தப் பெட்டி. அதற்கு முன்னால் தமிழ் சினிமாவில் கல்லூரிக்கு 'போய்ச் சேருகிற' காட்சிக்கு மதிப்பே இல்லை.

அடுத்து, பாலாஜி சக்திவேலின் 'கல்லூரி', 2007. சின்ன ஊர் அரசுக் கல்லூரி. கூலிவேலைக் குடும்பத்துப் பிள்ளைகள், ஓட்டப் பந்தயம், ஒன்றாய்ச் சாப்பிடுகிற ஒரு நண்பர் கூட்டம். பெரிதாக ஒன்றும் நடக்காமலேயே முக்கால் படம் ஓடுகிறது. அதுதான் அதன் அழகு. கடைசியில் சுற்றுலா போன பஸ் எரிகிறது. 2000 பிப்ரவரி 2-ம் தேதி தருமபுரியில், கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் கல்விச் சுற்றுலா வந்த பஸ்ஸை அரசியல் போராட்டக்காரர்கள் எரித்ததில் மூன்று பெண்கள் இறந்தார்கள். சேலத்திலிருந்து ஒரு மணி நேரத் தூரம். அந்தப் பெண்களைக் கொன்றது காதலா, கல்லூரியின் சுதந்திரமா? இரண்டும் இல்லை. வெளியிலிருந்து வந்த பெரியவர்களின் வெறி. எந்த ஆபத்துக்குப் பயந்து எந்தக் கதவைச் சாத்துகிறோம் என்பதை அந்தப் படம் கத்தாமல் கேட்கிறது.

மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்', 2018. திருநெல்வேலி சட்டக் கல்லூரி. முதல் பெஞ்சில் உட்கார்வது, புரியாத ஆங்கிலத்தில் நோட்ஸ் எடுப்பது, ஒருத்தி உட்கார்ந்து பாடம் சொல்லிக் கொடுப்பது என்று மாணவனின் சாதாரண சுகங்கள் ஒவ்வொன்றையும் ஜாதி வந்து பிடுங்கிக்கொள்கிறது. முடிவில் இரண்டு டீ கிளாஸ்களைக் காட்டி முடிக்கிறார். கேன்டீன் டீ என்பது எல்லாருக்கும் ஒரே மாதிரி கிடைக்கிற சமாசாரம் இல்லை என்பதை ஞாபகப்படுத்தத்தான். சுகங்களின் பட்டியல் போடுகிற என் மாதிரி ஆசாமிகள் அந்த இரண்டு கிளாஸ்களை அடிக்கடி நினைத்துக்கொள்வது நல்லது.

எழுத்தில் இந்த விஷயத்தில் நாம் ஏழைகள் இல்லை. உ.வே.சாமிநாதையர் 1940-லிருந்து ஆனந்த விகடனில் தொடராக எழுதிய 'என் சரித்திரம்' பலருக்கும் ஏட்டுச் சுவடி தேடிய கதையாகத்தான் தெரியும். அதன் முன்பாதியை ஒரு மாணவனின் சுயசரிதையாகப் படித்துப் பாருங்கள். 1871-ல் மாயவரத்தில் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போய்ச் சேர்கிறார். ஆசிரியருக்கோ செடி கொடிகள் மேல் ஆசை. காலையில் தோட்டத்தைச் சுற்றி வந்து எங்கே புதுசாகத் தளிர் விட்டிருக்கிறது என்று பார்ப்பார். பையன் என்ன செய்கிறான்? அவருக்கு முன்னாலேயே எழுந்து போய்த் தளிர்களைக் கண்டுபிடித்து வைத்துக்கொண்டு, அவர் வந்ததும் காட்டுகிறான். ஆசிரியர் முகம் மலர்கிறது. அந்தச் சமயம் பார்த்துப் பாடம் கேட்டுவிடுகிறான்! இன்டர்னல் மார்க்குக்காக ப்ரொஃபசரின் கிரிக்கெட் ஆர்வத்தை விசாரித்து வைத்துக்கொள்ளும் இன்றைய மாணவனுக்கு இவர்தான் முன்னோர். பாடத்தைப் பற்றி எவ்வளவு ஆசையாக எழுதுகிறாரோ, எங்கே யார் எப்போது சாப்பாடு போட்டார்கள் என்பதையும் அவ்வளவு ஆசையாக எழுதுகிறார். பசியும் படிப்பும் ஒரே ஞாபகத்தில் இருப்பதுதான் உண்மையான மாணவ வாழ்க்கை.

இன்னொன்று, இந்த வட்டாரத்திலேயே நடந்தது. எழுத்தாளர் பெருமாள்முருகன் நாமக்கல் அரசுக் கல்லூரியில் தமிழ் ஆசிரியராக இருந்தபோது, 'கூடு' என்ற பெயரில் மாணவர்களும் முன்னாள் மாணவர்களும் அவர் வீட்டு மாடியில் கூடிக் கட்டுரை படித்து விவாதிப்பார்கள். அதில் பிறந்த புத்தகம் 'சாதியும் நானும்', 2013. தங்கள் வாழ்க்கையில் ஜாதி எப்படி வந்து போனது என்று அவரவர் எழுதிய கட்டுரைகள். பெரும்பாலும் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போன இளைஞர்கள். சிலபஸில் இல்லை, மார்க் இல்லை, சர்டிபிகேட் இல்லை. ஒரு மொட்டை மாடியும் ஒரு சாயங்காலமும் கேட்பதற்குப் பத்துப் பேரும் இருந்தது. 2017-ல் அது ஆங்கிலத்திலும் வந்தது. பேச இடம் கொடுத்தால் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று பயப்படுகிற நிர்வாகிகள் அந்தப் புத்தகத்தை ஒரு தடவை புரட்டலாம்.

அரசாங்கத்துக்கு ஒரு சபாஷ் போட வேண்டும். மாணவ சுகத்தின் பொருளாதாரத்தை சினிமாவைவிட அது சரியாகப் புரிந்து வைத்திருக்கிறது. அரசுக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு இலவச பஸ் பாஸ் கொடுத்தார்கள். 2021 மே மாதத்தில் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றார்கள். 2022 செப்டம்பர் 5-ம் தேதி தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில், அரசுப் பள்ளியில் படித்து மேலே படிக்க வந்த பெண்களின் வங்கிக் கணக்கில் மாதம் 1,000 ரூபாய். 2024 ஆகஸ்டில் பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன். ரயில்வேகூட 2020-ல் மூத்த குடிமக்களின் சலுகையை நிறுத்தியபோது மாணவர்களின் சலுகையில் கை வைக்கவில்லை. தாத்தாவின் ரயில் சலுகை போய்ப் பேத்தியுடையது தப்பித்தது.

ஆயிரம் ரூபாயில் என்ன படிப்பு வந்துவிடும் என்று கேட்கிறவர்களுக்கு: படிப்புக்குப் போதாதுதான். ஆனால் யாரிடமும் கேட்காமல் ஒரு நோட்டு, ஒரு ஜெராக்ஸ், தோழிக்கு ஒரு தட்டுவடை செட் வாங்க அது போதும். அப்பாவிடம் கையேந்தாத முதல் பத்து ரூபாயின் ருசி, தறி வீட்டுப் பெண்ணுக்குத்தான் தெரியும்.

பஸ் இலவசம், கையில் காசு, தலைக்கு மேல் ஒரு பல்கலைக்கழகம். சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி நான்கு மாவட்டங்களுக்கு என்று 1997-ல் பெரியார் பல்கலைக்கழகம் வந்தே கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. பாக்கி இருப்பது, அந்தப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் சும்மா இருக்க அனுமதி. அதைக் கொடுக்க வேண்டியவர்கள் வீட்டிலும் நிர்வாக அலுவலகத்திலும் இருக்கிறார்கள்.

அப்பாக்களுக்கு ஒரு யோசனை. அடுத்த வருஷம் அட்மிஷனுக்காகக் கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்குவீர்கள். ரிசல்ட் எத்தனை சதவிகிதம், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, காம்பவுண்டு சுவர் எவ்வளவு உயரம் என்றெல்லாம் கேட்பீர்கள். கேளுங்கள். கூடவே இன்னும் மூன்று கேள்விகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நூலகம் சாயங்காலம் எத்தனை மணி வரை? கேன்டீனில் எவ்வளவு நேரம் உட்காரலாம்? டவுன் பஸ் ஸ்டாப் எவ்வளவு தூரம்?

மூன்றுக்கும் பதில் சொல்லத் தெரியாமல் முழித்தால், அங்கே ஃபீஸ் கட்டுவதற்கு முன் இன்னொரு முறை யோசிக்கலாம்.